நாலும் புது டயர்

என் மகள் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வர ஒரு பழைய கார் தேடி உத்தனப்பள்ளிக்குப் போனேன். காரை விற்பவர் ரோஜாத் தோட்டம் வைத்திருந்த பெண்மணி. புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். பேசும்போதெல்லாம் உள்ளங்கையில் முள் தேடிக்கொண்டே இருந்தார். மகளுக்காகத்தான் பார்க்கிறேன் என்று முதலிலேயே சொல்லியிருந்தேன்.

காரில் நான்கு டயரும் புத்தம் புதிது. விற்கப்போகிற வண்டிக்கு யாராவது புது டயர் போடுவார்களா? எனக்கு உறுத்தியது.

"பழைய டயரெல்லாம் எங்கங்க?"

"கொட்டாய்ல கெடக்குதுங்க, வாங்க" என்று அவரே கூட்டிப்போய்க் காட்டினார்.

முன்பக்க டயர் ஒன்றைப் புரட்டிப் பார்த்தேன். வெளிப்பக்க வரிகள் அப்படியே இருந்தன. உள்விளிம்பு மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. சக்கரம் கோணலாக ஓடினால்தான் இப்படித் தேயும்.

"வண்டி எங்கயாச்சும் மோதுச்சுங்களா?"

"ஆமாங்க. சூளகிரிகிட்ட டிவைடர்ல ஏறிடுச்சு. அலைன்மெண்ட் பாத்தும் இன்னும் ஒரு பக்கமாத்தான் இழுக்குது."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேக்கலையே. கேட்டதும் சொல்லிட்டேனில்ல."

குரலில் துளித் தடுமாற்றமும் இல்லை. நான் காரை வாங்கவில்லை. ஆனாலும் டீ கொடுத்தார். கிளம்பும்போது, "பொண்ணுக்குக் குடுங்க" என்று ஒரு கட்டு ரோஜாவும் தந்தார்.

அவரைப் பொய்க்காரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் நான் கேட்காமல் இருந்திருந்தால், அதே அமைதியோடு சாவியையும் தந்திருப்பார்.