நானா என்றால் நான் இல்லை

கொழும்பு வெள்ளவத்தையில் யாராவது "நானா" என்று கூப்பிட்டால், இங்கே வந்து மூன்று வருடம் ஆகியும், "ஆமா, நீங்கதான்" என்று சொல்ல எனக்கு வாய் துறுதுறுக்கிறது. இங்கே முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். பக்கத்துக் கடையில் போன் பழுது பார்க்கும் ரியாஸை எல்லோருமே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். வந்த புதிதில், நான் தோசை போடும் கடையின் முதலாளி ஒரு வடைப் பொட்டலத்தை என் கையில் வைத்து, "நானாவுக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். இலங்கையில் 'உனக்கு' என்பதை இப்படிச் சொல்வார்கள் போலும் என்று நான்கு வடையையும் தின்றுவிட்டேன். அன்றிலிருந்து ரியாஸ் நானா என்னைக் கண்டால் கேட்கும் முதல் கேள்வி, "என்ட வடை எங்க அண்ணே?"

எனக்கு ஊர் நாங்குநேரிப் பக்கம். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. இயல்பிலேயே கூச்சம். ஊரிலாவது நான் ஒரு தடவை சொன்னால் புரியும். இங்கே தமிழையே இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் பேச்சைக் குறைத்து, கொட்டாஞ்சேனை அறையிலிருந்து பஸ் ஏறி வந்து, தோசைக்கல்லோடு நாளைக் கழித்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் மத்தியானச் சாப்பாடு முடிந்து கடை ஓய்ந்திருந்தபோது, போனுக்கு ஒரு செய்தி வந்தது. என் போனின் பாதுகாப்புச் சந்தா இன்று புதுப்பிக்கப்படும், ஒரு வருடப் பணம் பிடிக்கப்படும், வேண்டாமென்றால் இந்த எண்ணை அழைக்கவும் என்றது. நான் சந்தா எதிலும் சேர்ந்ததில்லை. ஆனால் வங்கியில் இருந்தது, ஊர் அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்குப் போய்வரச் சேர்த்த காசு. உடனே அழைத்தேன்.

எடுத்தவன் ஆங்கிலத்தில் தொடங்கினான். நான் திணறியதும் தமிழுக்கு மாறினான். அதுவும் எங்கள் தமிழ். "அண்ணாச்சிக்கு எந்தூரு?" என்றான். மூன்று வருடத்தில் ஒருவர் என்னை அண்ணாச்சி என்று கூப்பிடுவது அதுதான் முதல் தடவை. நாங்குநேரி என்றேன். "அப்ப கொடைக்கு வாறியளா?" என்று கேட்டான். அதோடு நான் அவன் ஆளாகிவிட்டேன். ஒரு ஆப் இறக்கச் சொன்னான், இறக்கினேன். அதில் வந்த எண்ணைக் கேட்டான், சொன்னேன். காசு ஏற்கெனவே பிடிபட்டுவிட்டது, திருப்பிப் போட கார்டு நம்பர் வேண்டும் என்றான், அதையும் படித்துக் காட்டினேன். "அரைமணி நேரம் போனத் தொடாதிய அண்ணாச்சி, கவுத்தி வையுங்க" என்றான். மாவுப் பானைக்குப் பக்கத்தில் மெல்லக் கவிழ்த்து வைத்தேன்.

தேநீருக்கு வந்த ரியாஸ் நானா அன்று வடையைக் கேட்கவில்லை. கவிழ்ந்து கிடந்த போனைப் பார்த்தார். தொட வேண்டாம், உள்ளே வேலை நடக்கிறது என்றேன். அவர் அதைத் திருப்பினார். யாரும் தொடாமலே திரை தானாக நகர்ந்துகொண்டிருந்தது.

இன்டர்நெட்டை வெட்டி, போனையே அணைத்தார். என் கார்டை வாங்கி, அதன் பின்பக்கம் இருந்த எண்ணுக்குத் தன் போனில் இருந்து அழைத்தார். வங்கிப் பெண்ணிடம் சிங்களத்தில் எல்லாம் சொல்லிவிட்டு, போனை என்னிடம் நீட்டினார். கார்டை நிறுத்தச் சம்மதமா என்று கணக்குக்காரனே சொல்ல வேண்டுமாம். போனைக் காதில் வைத்தபடி நானாவைப் பார்த்தேன். "ஓம் எண்டு சொல்லுங்க அண்ணே, அது போதும்" என்றார் நானா. இங்கே 'ஆமா'வுக்கு அதுதான் சொல்; எங்கள் ஊரில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். சொன்னேன்.

சந்தா என்று ஒரு தொகை போயிருந்தது. அடுத்து எடுக்கப் பார்த்த பெருந்தொகை நின்றுவிட்டது. அந்த ஆப்பை நீக்கி, பாஸ்வேர்டுகளை மாற்றி, வங்கிக்கும் போலீசுக்கும் எழுதிக் கொடுக்க இரண்டு நாள் ஆனது. அத்தனை இடத்துக்கும் நானா கூடவே வந்தார். திட்டவில்லை. பஸ்ஸில் வரும்போது ஒன்றே ஒன்று சொன்னார்.

"நீங்க வாங்காத சாமானுக்கு ஒருத்தன் காசு திருப்பித் தாரன் எண்டா, அவன் தர வரல்ல, எடுக்க வாரான்."

அடுத்த வாரம் வேறொரு குரல் அழைத்தது. "போன காச மீட்டுத் தாரோம், அண்ணாச்சி." ஆசையாகத்தான் இருந்தது, காசுக்கு அல்ல, அந்தச் சொல்லுக்கு. பதில் சொல்லாமல் துண்டித்தேன். ஒருவர் பேச்சைப் பாதியில் நிறுத்தியது என் வாழ்வில் அதுவே முதல் தடவை.

போன தொகை இன்னும் வரவில்லை. மிச்சத்தில் கொடைக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லத் துணிவு வந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, காசு எப்படித் தப்பியது என்றாள் மனைவி.

"நானாதான் காப்பாத்துனாரு" என்றேன்.

"நீங்களா? உங்கள நீங்களே காப்பாத்துனியளாக்கும்?" என்று சிரித்தாள்.

விளக்கப் போனால் வடையிலிருந்து தொடங்க வேண்டும். கல்லில் தோசை வேறு கருகிக்கொண்டிருந்தது.

"ஓம்" என்றேன்.

சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள், "யாரு பேசுதது?"