ஒரு பில், ஆறு பாத்திரம்

பாத்திரக் கடையில் பொருளை விற்பது பாதி வேலை, விற்றதைத் தாளில் எழுதுவது மீதி வேலை. அந்த மீதிதான் ஆளைக் கொல்லும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மூட்டை தூக்க வந்து, பத்துப் பேரிடம் ஏமாந்து, பதினோராவது ஆளிடம் சண்டை போடக் கற்றுக்கொண்டு, திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் சொந்தமாகக் கடை போட்டவன் நான். வரி ஆபீஸ் ஜீப்பைப் பார்த்தாலே உங்கள் காலும் பக்கத்துச் சந்துக்குள் திரும்புமானால், நாம் ஒரே சாதி. போன ஆவணியில் ஒரு கல்யாண வீட்டுச் சமையலே என்னால் நடுரோட்டில் நிற்கப் பார்த்தது. அந்த இரண்டு நாள் கதையைத்தான் சொல்கிறேன்.

சம்பளம் வரும் வழி

அன்று காலை முதல் கிராக்கி ஒரு அம்மா. அரசாங்க அலுவலகத்தில் நல்ல வேலை. நிலவிளக்கு, அதாவது நம்ம குத்துவிளக்கு, ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேரம் பேசினார்கள். எனக்கும் பேரம் பிடிக்கும். ஏறி இறங்கி ஒரு விலையில் வந்து நின்றோம். பொட்டலம் கட்டும்போது மெதுவாக, "பில் வேண்டா அண்ணாச்சி. ஆ வரி குறைச்சா மதி" என்றார்கள். பில் இல்லாமல், வரியைக் கழித்துக் கொடுத்தால் போதுமாம்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "ஏம்மா, பில் இல்லாம வித்தா நாளைக்கு என்னையத்தான் பிடிப்பான், உங்களையா பிடிப்பான்? வரியிலதானே உங்க சம்பளமே வருது!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். அந்த அம்மா கொஞ்சமும் அசையவில்லை. பணத்தை எண்ணி வைத்துவிட்டுச் சொன்னார்கள்: "சம்பளம் கையில வரும் முன்னே அதில வரி பிடிக்குது அண்ணாச்சி. பின்னெ விளக்குக்கும் நானே கொடுக்கணுமா?"

சீர் உருளி

இதையெல்லாம் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் மாரிமுத்து. போனக்காடு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளி. மறுநாள் காலை அவர் மகளுக்கு வித்துராவில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். அங்கே பந்திக்குச் சமைக்கிற அளவுக்குப் பெரிய பாத்திரம் கிடையாது. அதனால் என்னிடம் இரண்டு அண்டா, இரண்டு உருளி, பாயசத்துக்கு ஒரு பெரிய வார்ப்பு, ஆக ஐந்து பாத்திரம் வாடகைக்குப் பேசியிருந்தார். எடுத்துப்போக வந்த இடத்தில், மகளுக்குச் சீராகக் கொடுக்கப் புது வெண்கல உருளி ஒன்றும் வாங்கினார். "இதுக்கு பில் போடுங்க அண்ணாச்சி. மாப்பிள்ளை வீட்ல பழசுன்னு யாரும் பேசிரக் கூடாது" என்றார். அவர் கேட்காமலே விலையைக் குறைத்து, பில்லும் போட்டுக் கொடுத்தேன்.

வாடகைப் பாத்திரத்துக்கு எங்கள் தெருவில் பில் வழக்கமே இல்லை. கடைச் சுவரில் சாக்கட்டியால் ஊர்ப் பெயரும் பாத்திரமும் எழுதுவோம். திரும்பி வந்ததும் ஈரத் துணியால் அழிப்போம். அன்றும் அப்படியே எழுதினேன். என் கணக்கைப் பார்க்கிற சங்கரன் அப்போது கடையில் இருந்தான். கோட்டைக்குள் அக்ரஹாரத்துப் பையன், வார்த்தைக்கு வலிக்காமல் பேசுவான். "வாடகைக்குப் போறதுக்கும் ஒரு டெலிவரி சலான் போட்டுடுங்கோ அண்ணாச்சி. வழியில கேட்டா காட்டலாமே" என்றான். "என் பாத்திரம் போயிட்டு என்கிட்டயே வருது. என் வீட்டுக்காரி அவ அம்மா வீட்டுக்குப் போனா அதுக்கும் சலான் போடட்டுமா?" என்று பாய்ந்தேன்.

அவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "அக்காவை வழியில நிறுத்தி யாரும் கேக்க மாட்டா அண்ணாச்சி. அண்டாவைக் கேப்பா."

பளபளப்பு

மத்தியானம், பாத்திரம் ஏற்றிப் போன டிரைவர் பைஜூவிடமிருந்து போன். "வண்டி பிடிச்சு அண்ணாச்சி. நெடுமங்காடு கழிஞ்ஞு. வேகம் வரணும்." நெடுமங்காடு தாண்டின இடத்துக்கு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தேன். ரோட்டோரத்தில் வண்டி. பக்கத்தில் மாரிமுத்து, பில்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

நடந்தது இதுதான். வரித்துறை ஸ்குவாட் தாள் கேட்டிருக்கிறது. பைஜூ பெருமையாக அந்த ஒரே பில்லை நீட்டியிருக்கிறான். பில்லில் ஒரு உருளி, வண்டியில் ஆறு பாத்திரம். ஒன்றுக்கு பில் போட்டு ஆறைக் கடத்துகிறான் என்று யாருக்கும் தோன்றும். அதற்கு மேல் என் புத்தி. கல்யாணத்துக்குப் போகிறதே என்று அண்டாவுக்குப் புதிதாக ஈயம் பூசி, எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்து அனுப்பியிருந்தேன். பட்டறையிலிருந்து அன்றுதான் வந்த மாதிரி மின்னின. பழையது எது, புதியது எது என்று எனக்கே ஒரு நிமிஷம் தடுமாறியது.

அதிகாரி நாற்பது வயதுப் பெண்மணி. நான் கத்தி முடிக்கும்வரை பாட்டிலில் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றார். "வாடகைப் பாத்திரம் மேடம்! சந்தேகமா இருந்தா என் கடைக்கு வாங்க, சுவத்துல எழுதியிருக்கு!" என்றேன். பாட்டிலை மூடிவிட்டு அவர் சொன்னார்: "அப்படியானா ஆ சுவரையும் வண்டியில ஏத்தியிருக்கலாமே அண்ணாச்சி."

பிடிக்கக் கூடியதும் கூடாததும்

அப்புறம் உட்காரச் சொல்லி விளக்கினார். தாள் இல்லாத சரக்கை ஆபீஸ் முற்றத்தில் இறக்க வேண்டும். வரியும் அபராதமும் கட்டி முடிந்த பிறகுதான் வெளியே வரும். கொஞ்ச நாள் முன்பு ஒருவன் இதே ரோட்டில், இதே வாடகைக் கதையைச் சொன்னானாம். இவர் நம்பி வண்டியை விட்டாராம். பிறகு பார்த்தால் அத்தனையும் ஒரு கடையில் விற்பனைக்கு அடுக்கியிருந்ததாம். "அவன் சொன்னது பொய். நீங்க சொல்றது நிஜமாயிருக்கும். ஆனா ரெண்டு பேரும் ஒரே போல சத்தம் போட்டீங்க. நான் எப்படி அறியும்?" என்றார். சத்தத்தை வைத்தே பாதி வியாபாரம் செய்தவன் நான்.

மாரிமுத்து அப்போதுதான் வாய் திறந்தார். "ரூல் என்னவோ செய்யுங்க மேடம். ஆனா பெரிய பாத்திரம்னு எங்களுக்கு வேற இல்ல. காய் வெட்டிட்டு ஆளுங்க காத்திருக்காங்க. காலையில பந்தியில என்னத்தைப் போடுவேன்?" நான் சும்மா இருப்பேனா? "மேடம், அண்டாவைப் பிடிச்சு வைங்க, உருளியை விடுங்க" என்று பேரத்தை ஆரம்பித்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. ஒவ்வொரு பாத்திரமாகக் கவிழ்த்து, நசுங்கின இடம், ஒட்டுப் போட்ட இடமெல்லாம் போட்டோ எடுத்தார். என்னிடம் உறுதிப் பத்திரம் எழுதி வாங்கினார். கல்யாணம் முடிந்து ஐந்து பாத்திரமும் இதே வழியில் வந்து அவரிடம் காட்டினால், சலான் இல்லாததற்கு மட்டும் அபராதம். வராவிட்டால் விற்றதாக எடுத்துக்கொண்டு முழு வரி, அதன் தலையில் அபராதம்.

கூட இருந்த இளம் ஆபீஸர் காதோரம், "மேடம், இது ரிஸ்க் அல்லே?" என்றார். அவர் பத்திரத்தை மடித்துப் பையில் வைத்தபடி சொன்னார்: "பாத்திரம் பிடிக்க நமுக்கு சட்டம் உண்டு பினு. கல்யாணம் பிடிக்க இல்ல."

கழுவாதீர்கள்

ராத்திரி எனக்கு வேறு கவலை. பளபளவென்று திரும்பி வந்தால், விற்காத புதுச் சரக்கைச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்தேன் என்று சொல்லிவிட்டால்? அடியில் கரி இருந்தால்தான் சாட்சி. கழுவாமல் வருகிற பாத்திரத்துக்கு என் கடையில் கூடுதல் வாடகை உண்டு. அப்படிப்பட்ட நான் காலையிலேயே மாரிமுத்துவைப் போனில் கூப்பிட்டு, கழுவவே வேண்டாம் என்று கெஞ்சினேன். தாலி கட்டுகிற நேரத்தில் எந்தத் தகப்பன் காதில் பாத்திரம் விழும்?

பந்தி முடிகிற நேரம் மண்டபத்துக்குப் போனேன். கொல்லைப் பக்கம் தோட்டத்துப் பெண்கள் தேங்காய் நாரும் சாம்பலுமாக வார்ப்பைத் தேய்த்து முடித்திருந்தார்கள். உருளிகள் வெயிலில் கண்ணைப் பறித்தன. "கையை எடுங்க!" என்று கத்திக்கொண்டு, மீதியிருந்த ஒரு கரி அண்டாவின் மேல் கிட்டத்தட்ட விழுந்தேன். மாரிமுத்துவின் அக்கா இடுப்பில் கை வைத்து எழுந்து நின்றாள்: "இரவல் பாத்திரத்தை எச்சிலோட திருப்பிக் கொடுத்த வீடுன்னு பேரு வாங்கவா பொண்ணைக் கட்டிக் கொடுத்தோம்? உம்ம வரிக்கு எங்க மூஞ்சியில ஏன்யா கரி பூசுறீரு?"

முதல் விலை, கடைசி விலை

சாயங்காலம் அதே இடம், அதே அதிகாரி. கரி அண்டாவைத்தான் முதலில் இறக்கி முன்னால் தள்ளினேன். அவர் கரியைப் பார்க்கவில்லை. போட்டோவையும் பாத்திரத்தையும் ஒன்றுக்கொன்று வைத்துப் பார்த்தார். நசுங்கல், ஒட்டு, காது வளையம், எல்லாம் ஒத்து வந்தது. "கல்யாணம் நல்லா நடந்தோ?" என்று கேட்டார். "சோறு மிஞ்சுச்சு மேடம்" என்றேன். பத்திரத்தை என் கண் முன்னாலேயே ரத்து செய்தார். பிறகு சலான் இல்லாத அபராதத்தைச் சொன்னார்.

வாய் சும்மா இருக்குமா? சொன்னபடி வந்தேன், பெட்ரோல் என் செலவு, கழுவாத அண்டாவோடு இத்தனை தூரம் வந்தேன், பார்த்துக் குறைத்துப் போடுங்கள் என்று நீளமாகப் பேசினேன். முழுவதும் கேட்டார். நடுவில் குறுக்கிடக்கூட இல்லை. பிறகு ரசீதைக் கிழித்து நீட்டினார்: "ஒரு ரூபாயும் குறையாது அண்ணாச்சி. ஒரு ரூபாயும் கூடவும் செய்யாது."

இத்தனை வருஷம் பேரத்திலேயே பிழைத்த எனக்கு, முதல் விலையையே கடைசி விலையாகச் சொன்ன ஒரு ஆள் மேல் கோபம் வரவில்லையே என்பதுதான் இன்றுவரை கோபமாக இருக்கிறது.