மூக்குக்கண்ணாடி துடைத்த பெண்மணி

என் மனைவிக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், வாயைப் பிடுங்குகிற வேலை என்றுதான் சொல்வேன். அவள் முறைப்பாள். முறைக்கட்டும், நான் பொய் சொல்லவில்லையே. பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து வேலை பார்க்கும் ஒரு நிவாரண நிறுவனம் அவளை ஒரு வருடத்துக்கு எடுத்திருந்தது. வெளிநாடுகளுக்கு மருந்தும் கூடாரமும் அனுப்புகிற அலுவலகம். அங்கே யார் யாரிடம் எந்த மொழியில் பேசுகிறார்கள், யார் எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்கிறார்கள், ஏன் மூடிக்கொள்கிறார்கள் என்று ஆராய வேண்டும். ஒவ்வொருவராக உட்கார வைத்துப் பேசுவாள், பதிவு செய்வாள். வீட்டுக்கு வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதை ஒரு வார்த்தை விடாமல் தட்டச்சு செய்வாள். பேசியவர் நடுவில் இருமியிருந்தால் அந்த இருமலுக்கும் ஒரு வரி உண்டு.

அவளுடைய வித்தை மிகச் சாதாரணமானது. கேள்வியைக் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பாள். எதிரில் இருப்பவருக்கு அந்த அமைதி தாங்காது, மனதில் உள்ளதைக் கொட்டிவிடுவார். வீட்டிலும் இதே கதைதான். ஒருநாள் சாப்பாட்டில் உப்பில்லை என்றேன். அப்படி என்றால் எப்படி இருக்கிறது, கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள் என்றாள். சொன்னேன். முடிக்கும்போது பார்த்தால், என் அம்மாவின் சமையலைப் பற்றி நான் கல்யாணமான நாளிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் மேசை மேல் கிடந்தது. அன்றைக்குப் பாத்திரம் நான்தான் தேய்த்தேன்.

அவளுக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் உண்டு. என் மாமனாருக்கு அடிக்கடி மாற்றல் வரும். அப்படிப் போன ஓர் ஊரில் மொழி தெரியாமல் ஒரு வருடம் முழுக்க வகுப்பில் திருதிருவென்று விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். டீச்சர் என்ன சொன்னாலும் தலையாட்டுவாளாம். நல்ல பிள்ளை, அடக்கமான பிள்ளை என்று பரிசு வேறு கொடுத்திருக்கிறார்கள். அதை நினைத்தால் இப்போதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதனால்தானோ என்னவோ, அந்த அலுவலகத்தில் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர்கீப்பர், எல்லோரும் ஸ்டோர்ஸ் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், மனம் விட்டுப் பேசியது அவளை உலுக்கிவிட்டது. அவர் யார் என்று அப்போது என்னிடம் சொல்லவில்லை. ஒருவர் அழுதுவிட்டார் என்று மட்டும் சொன்னாள். பேசியவர் பெயரை வெளியே விடக் கூடாது என்பது அவள் தொழிலில் சத்தியம் மாதிரி. புருஷன் என்பதற்காகச் சலுகை எதுவும் கிடையாது.

அறிக்கை முடிந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தக் கத்தையை என் மடியில் போட்டாள். படிக்காதவனுக்கும் புரிகிறதா என்று பார்க்கவாம். அவமானத்தை விழுங்கிக்கொண்டு படித்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதிலும் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணியைப் பற்றிய பகுதியை இரண்டு முறை படித்தேன். கூட்டம் முழுக்க ஆங்கிலத்தில் வேகமாக நடக்கும். அந்தப் பெண்மணிக்குப் பாதி புரியாது. எல்லோரும் சிரிக்கும்போது அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைப்பார். துடைத்து மாட்டுவதற்குள் சிரிப்பு முடிந்துவிடும். அவர் சிரித்தாரா இல்லையா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

படித்துக்கொண்டே வந்தவன், "அட, இது உங்க ஸ்டோர்ஸ் அண்ணன் ஆச்சே" என்றேன்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. அந்த அலுவலகத்துக்கு நான் ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறேன், குடும்பத்தோடு வரச் சொன்ன ஆண்டு விழாவுக்கு. இயக்குநர் மேடையில் ஏதோ ஜோக் அடித்தார். எனக்கும் புரியவில்லை. துணைக்கு யாராவது இருக்கிறார்களா என்று பக்கத்தில் திரும்பினேன். ஸ்டோர்ஸ் அண்ணன் சட்டை நுனியில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவரை மறைக்க அவள் ஆணைப் பெண்ணாக்கியிருந்தாள். வயதை, பிரிவை, சொந்த நாட்டைக்கூட மாற்றியிருந்தாள். அந்தக் கண்ணாடியை மட்டும் விட மனம் வரவில்லை, அவ்வளவு அழகாக இருந்ததாம். ஒரு நாள் போன எனக்கே தெரிகிறது என்றால், தினமும் பார்க்கிற இயக்குநருக்குத் தெரியாதா? ஸ்டோர்ஸ் அண்ணனின் வேலை வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்தம். அந்த மாதம்தான் கையெழுத்தாக வேண்டும், போட வேண்டியவர் அதே இயக்குநர். கூட்டத்தில் பேசுவது புரியாமலேதான் இந்த ஆள் இத்தனை வருடம் ஓட்டினாரா என்று அவர் கேட்டால் அண்ணன் கதி அதோகதி.

கண்ணாடியை மட்டும் எடுத்துவிடேன் என்றேன். எடுத்துப் பார்த்தாள். அடுத்த வரியிலும் அவர்தான் இருந்தார், அதற்கடுத்ததிலும். சாயங்காலத்துக்குள் அந்தப் பகுதி முழுவதையும் நீக்கிவிட்டாள். ஒரு வருட உழைப்பில் உயிர் இருந்த இடமே அதுதான். என்னை நம்பித்தானே அவர் பேசினார் என்று ஒரே ஒரு முறை சொன்னாள். எனக்கு அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

மறுநாள் காலை ஸ்டோர்ஸுக்கே போய் அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். அப்பாடா என்று நிம்மதிப் பெருமூச்சு விடுவார் என்று எதிர்பார்த்தாள்.

அவரோ, "அப்ப நான் சொன்னது ஒண்ணுமே அதுல இருக்காதாம்மா?" என்று கேட்டிருக்கிறார்.

இருக்காது என்றாளாம். அவர் அட்டைப்பெட்டிகளை எண்ணப் போய்விட்டார். அது அவளுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

மத்தியானம் எல்லோரையும் கூட்டி வைத்து அறிக்கையைப் படித்தாள். நம் அலுவலகத்தில் மொழியால் பெரிய பிரச்சினை இல்லை என்று தெரிகிறது, சந்தோஷம் என்று இயக்குநர் பூசி மெழுகிவிட்டு, கிடங்குக்கான புது விதிகளுக்குத் தாவினார். கடகடவென்று ஒப்பித்து முடித்து, எல்லோருக்கும் புரிந்ததா என்று கேட்டார். வழக்கம்போல எல்லாத் தலையும் ஆடியது. ஸ்டோர்ஸ் அண்ணன் எழுந்து நின்றார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தைத் தேடிப் பொறுக்கி, எனக்குப் புரியவில்லை, இத்தனை வருடமாகவும் பாதி புரிந்ததில்லை, மெதுவாக இன்னொரு முறை சொல்லுங்கள் என்றார். பிறகு பின்வரிசையில் டிரைவர் கை தூக்கினார், அவருக்கும் வேண்டுமாம். வேறு நாட்டிலிருந்து வந்திருந்த ஒரு பொறியாளரும் தூக்கினார். இயக்குநர் முகம் சிவந்துபோய், காகிதத்தை முதலிலிருந்து படித்தார்.

இதையெல்லாம் சொல்லும்போது அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். கையெழுத்து என்ன ஆகும் என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. இயக்குநர் கூட்டம் முடிந்து யாரிடமும் பேசாமல் போய்விட்டாராம்.

"அந்தப் பகுதியத் திரும்பச் சேத்துடலாமே. இப்பதான் எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சே" என்றேன்.

"வேணாங்க" என்றாள். "அது அவரோட பேச்சு. அவரே பேசிட்டாரு."