செல்லம் ஊற்றிய தண்ணீர்

போன சனிக்கிழமை குச்சனூர் போய்ச் சனீஸ்வரனைக் கும்பிட்டுவிட்டு வீடு திரும்பினேன். கொல்லையில் என் மகள் செல்லம் விளையாடிக்கொண்டிருந்தாள். நாலு வயசு. கூட இருந்தது பேச்சி – எங்கள் வயலில் நாற்று நடும் கருப்பாயியின் மகள். அதற்கும் அதே வயசுதான்.

விளையாட்டில் செல்லம் வீட்டுக்காரி. பேச்சி கூலிக்காரி.

"ஆத்தா, தாகமா இருக்கு" என்றது பேச்சி.

"தள்ளி நில்லு. கையக் குவி" என்றாள் செல்லம். விளையாட்டுச் செம்பைத் தலைக்கு மேலே தூக்கி, கை படாமல் ஊற்றினாள். பேச்சி குனிந்து குடித்தது.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அப்படியே என் மனைவி ஊற்றுகிற மாதிரி!

"இப்பப் பேச்சி வீட்டுக்காரியா இருக்கட்டும்" என்றேன்.

செல்லம் செம்பை நீட்டினாள். பேச்சி கையைப் பின்னால் கட்டிக்கொண்டது.

"வாங்குடி!"

"மாட்டேன். செம்பத் தொட்டா வைவாக."

"யாரு வைவாக?" என்று கேட்டேன்.

பேச்சி திரும்பி எங்கள் அடுப்படியைப் பார்த்தது.

சிரிப்பு நின்றுவிட்டது...

மனைவியிடம் சொன்னேன். "சாமி சத்தியமா நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கலைங்க" என்றாள். நானும் சொல்லிக் கொடுக்கவில்லை. எல்லா உயிரிலும் சாமி இருக்கிறது என்றுதான் தினமும் பூஜையில் செல்லத்துக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். அது இன்னும் அவள் வாயில் நுழையவில்லை. இது மட்டும் எப்படிப் பாடமில்லாமல் வந்தது? தீண்டாமை கூடாது என்று கம்பம் டவுனில் கூட்டம் போட்டார்கள். பலமாகக் கைதட்டியவன் நான். என் கொல்லையில் நடந்தது என்ன?

திங்கட்கிழமை கருப்பாயி தண்ணீர் கேட்டாள். வழக்கம்போலக் கையைக் குவித்துத் தள்ளி நின்றாள். மனைவி செம்பை நீட்டினாள்.

"கையில வாங்கிக் குடி, கருப்பாயி."

"வேணாம் ஆத்தா. நாளைக்கு ஊரு எம்மேலதான பாயும்?"

நியாயம்தானே? நான் பக்கத்தில் போய் நின்றேன். "எவன் கேட்டாலும் நான் குடுக்கச் சொன்னேன்னு சொல்லு."

மனைவி நீட்டிய கையை மடக்கவில்லை. கருப்பாயி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வாங்கினாள். அவசர அவசரமாகக் குடித்தாள். பாதித் தண்ணீர் சேலையில் போயிற்று.

வாசற்படியில் செல்லம். வைத்த கண் வாங்கவில்லை.

"ஏம்மா, இனிமே இப்படித்தான் விளையாடணுமா?"

"ஆமாத்தா" என்றாள் மனைவி.

இனி தினமும் பார்ப்பாள். சனீஸ்வரன் பார்வைக்குப் பயந்துதான் குச்சனூர் போய் வந்தேன்... இப்போது இந்தக் கண்ணுக்குத்தான் அதிகம் பயப்படுகிறேன்.