அக்காவின் வாயில் வேறு குரல்

சாரம் பகுதியில் எங்கள் தெரு முனையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மீன் விற்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம்தான் பல வருடங்களாக மீன் வாங்குகிறேன். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர். நான் அவரை அக்கா என்பேன். கல்லூரியில் பாடம் நடத்துகிறவள் என்பதால் அவருக்கு நான் டீச்சர்.

ஒருநாள் சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டே கேட்டார்.

"டீச்சர், மேல ஒரு கூரை, பக்கத்துல ஒரு கக்கூஸு. இந்த ரெண்டுக்கும் எத்தினியோ மனு குடுத்துட்டோம். வீடியோவா எடுத்தாந்து காட்டுங்க, பாக்கலாம்னு முனிசிபாலிட்டி ஆபீசுல ஒருத்தரு சொல்றாரு. நீங்க எடுத்துக் குடுக்கறீங்களா?"

உடனே சரி என்றேன். செல்போனிலேயே எடுத்திருக்கலாம். ஆனால் செய்தால் தரமாகச் செய்ய வேண்டும் என்று ஒரு வெறி எனக்கு. குறும்படம் எடுக்கும் என் பழைய மாணவர் ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் இரண்டு கேமராவும் நல்ல லென்சுகளும் கொண்டுவர ஒப்புக்கொண்டார். பக்கத்துப் பகுதியான கதிர்காமத்தில் எடிட்டிங் செய்யும் ஒரு பெண்ணைப் பிடித்தேன். யாரும் மறுக்கவில்லை. ஆள் சேர்க்கச் சேர்க்க, இது என்னுடைய படம் என்ற நினைப்பு எனக்குள் வந்துவிட்டது.

விஷயம் கேள்விப்பட்டு, எங்கள் தெருவில் ஸ்டுடியோ வைத்திருக்கும் கல்யாண வீடியோக்காரர் வீட்டுக்கே வந்தார்.

"மேடம், எங்கிட்ட காலர் மைக் இருக்குது. நான் வரேன். அவங்க பேசறது தெளிவா கேக்கணும், அதானே முக்கியம்?"

"இது கல்யாண வீடியோ இல்லண்ணே" என்று சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அக்கா பேசுவதை எங்கே எடுப்பது என்று பேச்சு வந்தது. "நாங்க குந்தியிருக்கற எடத்துலயே எடுத்தா போதாதா?" என்றார் அக்கா. தெருவில் பின்னால் சாக்கடையும் மின்கம்பமும்தான் தெரியும். நான் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்கு அழைத்துப் போனேன். அங்கேதான் அவர் காலையில் ஏலத்தில் மீன் எடுப்பார். வரிசையாகப் படகுகள், பின்னால் தண்ணீர். கேமராவில் பார்த்தபோது ஓவியம் போல இருந்தது.

அக்கா இருபது நிமிடம் பேசினார். விடியலில் கிளம்பினால் மத்தியானம் வீடு திரும்பும்வரை ஒதுங்க இடமில்லை என்பதால் சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை என்றார். அப்படியே இருந்து இருந்து சிறுநீரகத்தில் கல் அடைத்து ஆபரேஷன் ஆனதைச் சொன்னார். மாதவிலக்கு நாட்களில் என்ன செய்வார்கள் என்பதைக்கூட, கேமராவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார். என் கண் கலங்கிவிட்டது.

இரண்டு நாள் கழித்து எடிட்டிங் செய்கிற பெண் போன் செய்தார். படகு எஞ்சின், ஏலக் கூச்சல், காற்று எல்லாம் சேர்ந்து அக்காவின் குரலை அமுக்கிவிட்டதாம்.

"கஷ்டப்பட்டு கேட்டா புரியுது மேடம். கீழ எழுத்து போட்டுடலாம். இல்லன்னா அவங்கள திரும்ப பேச வச்சு ரெக்கார்ட் பண்ணலாம்."

எழுத்து போட்டால் படத்தின் அழகு கெடும் என்று பட்டது. திரும்பப் பேசச் சொன்னால், மைக் வைக்காதது என் தப்பு என்று அக்காவிடம் சொல்ல வேண்டும். பாவம், வியாபாரம் கெடும் என்று ஒரு சாக்கு சொன்னேன். வானொலியில் பேசிப் பழகிய, எனக்குத் தெரிந்த ஒரு அம்மாவை வைத்து டப்பிங் செய்தோம். வசனத்தை நானே எழுதினேன். 'வெயிலிலும் மழையிலும் எங்கள் வாழ்வாதாரம் பாதிக்கப்படுகிறது' என்று ஆரம்பித்தேன். தண்ணீர் குடிக்காததும் ஆபரேஷனும் மாதவிலக்கும், 'அடிப்படை வசதிகள் இல்லை' என்ற மூன்று சொல்லில் முடிந்துபோயின. அதிகாரிகள் முன்னால் அவ்வளவு பச்சையாக வேண்டாம் என்று நினைத்தேன். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சமுதாயக்கூடத்தில் ஒரு சாயங்காலம் எல்லாப் பெண்களையும் உட்கார வைத்து டிவியில் போட்டுக் காட்டினேன். படகுகள் வந்தபோது கைதட்டினார்கள். பிறகு அக்கா வாய் திறந்தார். கணீரென்று வேறொரு பெண் குரல் வந்தது.

"அடியே, யாருடி அது உன் வாயில பேசறது?" என்று ஒருத்தி கத்த, கூடமே சிரித்தது. அக்காவும் சேர்ந்து சிரித்தார். பிறகு அவர் முகம் மெல்லச் சுருங்கியது. முடிந்ததும் என்னிடம் வந்து தணிந்த குரலில் கேட்டார்.

"நான் பேசனது நல்லா இல்லியா டீச்சர்?"

"நல்லாத்தான் இருந்துச்சுக்கா. ஆபீசுல இப்டித்தான் வேணும்னு சொல்லிட்டாங்க" என்றேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை.

ஒரு வாரம் அந்தத் தெரு முனைப் பக்கமே போகவில்லை. பிறகு கல்யாண வீடியோக்காரரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் ஒன்றும் குத்திக்காட்டாமல் மைக்கை எடுத்துக்கொண்டு வந்தார். மத்தியானம் வியாபாரம் முடிந்து அக்கா கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். மைக் வைக்காதது என் தப்பு, ஆபீஸ் மேல் பழி போட்டது பொய் என்று சொன்னேன். அவர் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். புடவையில் மைக்கைக் குத்தியதும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

"வெயிலிலும் மழையிலும் எங்கள் வாழ்வாதாரம்..." என்று தொடங்கித் திக்கி நின்றார்.

"அக்கா, அது வேணாம். அன்னிக்கி சொன்னீங்களே, தண்ணி குடிக்காம இருக்கறது, ஆபரேஷன், அத சொல்லுங்க."

"அதெல்லாம் நீங்கதானே டீச்சர் எடுத்துட்டீங்க. அசிங்கமா பேசிட்டேன் போலருக்குன்னு நெனச்சேன்."

எவ்வளவு சொல்லியும் அவர் அதை மறுபடி பேசவில்லை. வீடியோக்காரர் மைக்கைக் கழற்றிச் சுருட்டினார். கடைசியில் டப்பிங் செய்த படமே ஆபீசுக்குப் போனது.

சில மாதங்களில் வரிசைக்கு மேல் தகரக் கூரை போட்டார்கள். கழிப்பறை வரவில்லை. ஆபீசில் போய்க் கேட்டபோது, "வீடியோவுல அத பத்தி ஒண்ணும் சொல்லலியேம்மா" என்றார் அங்கிருந்தவர். திரும்பி வந்தபோது, கூரையின் கீழ் எல்லோர் முன்னாலும் அக்கா என் கையைப் பிடித்து, "டீச்சராலதான் இந்த நெழலு" என்றார். கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை, கழிப்பறை வராமல் போனது என்னால்தான் என்று சொல்லவும் வாய் வரவில்லை. தலையைத்தான் ஆட்டினேன்.