நான் கேட்கச் சொன்ன சான்றிதழ்கள்

மதுராவுக்குக் கிடைக்கவிருந்த வேலையைக் கெடுத்தவன் நான். நாட்டின் நெருக்கடி அல்ல, அவளது விதியும் அல்ல... நான்.

மதுரா என் தங்கையின் மகள். கொழும்பு வெள்ளவத்தையில் என்னோடு தங்கியிருந்து, சிறுவர் கதைகளுக்குப் படம் கீறிப் பிழைக்கலாம் என்று நம்பினாள். அதுவும் சமையல் காஸுக்கும் பெற்றோலுக்கும் ஊரே வரிசையில் நின்ற காலத்தில். மின்சாரம் இருந்த வேளைகளில் மடிக்கணினியில் கீறுவாள், இல்லாதபோது காகிதத்தில்.

கனடாவில் தமிழ்ச் சிறுவர் நூல்கள் வெளியிடும் ஒரு பெண் அவளுக்கு எழுதினாள். ஒரு தொடர் முழுவதற்கும் படங்கள் வேண்டுமாம். ஒப்பந்தத்தை மதுரா என்னிடம் காட்டினாள். அரச திணைக்களத்தில் ஓய்வுபெற்றவன், நடைமுறை தெரிந்தவன் அல்லவா!

அதில் குறையொன்றும் இல்லை. முதல் வாசிப்பிலேயே அதை அறிந்தேன்.

உத்தியோகத்தில் நான் எந்த விண்ணப்பத்தையும் நிராகரித்ததில்லை. இன்னோர் ஆவணம் கேட்பேன். அது வந்தால் வேறொன்று. விண்ணப்பதாரர் தாமாகவே வராமற் போவார். கோப்பு சுத்தமாக இருக்கும். அந்த வித்தையை இங்கும் காட்டினேன். பதிப்பகத்தின் பதிவுச் சான்றிதழ் கேள் என்றேன், வந்தது. வங்கிக் கடிதம் கேள் என்றேன், வந்தது. இரண்டையும் சட்டத்தரணி அத்தாட்சிப்படுத்த வேண்டும் என்றேன். அந்தப் பெண் வேறு ஓவியரைத் தேடிக்கொண்டாள்.

“பாத்தியே பிள்ளை, கேள்வி கேட்டவுடனை ஓடிட்டினம்.”

“நல்ல காலம் மாமா. நீங்கள் இல்லாட்டி என்னைப் பேய்க்காட்டி ஏமாத்தியிருப்பாங்கள்.”

ஏன் செய்தேன்? அவள் நிரந்தர அரச வேலைக்குப் போகட்டும் என்றுதான் என நெடுநாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அந்த நிரந்தரம் தந்த ஓய்வூதியத்தில் அப்போது மீன்கூட வாங்க முடியவில்லை என்பதை நீங்கள் கேட்காதீர்கள். உண்மை அதைவிடச் சிறியது... என்னிடம் யோசனை கேட்க உலகத்தில் அவள் ஒருத்திதான் மிஞ்சியிருந்தாள்.

இப்போது கொழும்பின் காலி வீதியில் நடக்கும் டியூஷன் வகுப்புகளுக்குச் சுவரொட்டி செய்கிறாள். சென்ற வாரம் வெளிநாட்டுப் பதிப்பகம் ஒன்று படம் கீறக் கேட்டு எழுதியிருந்தது. கைபேசியை என்னிடம் நீட்டினாள்.

“எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஓமெண்டு எழுது,” என்றேன், வாசித்துவிட்டு.

அவள் சிரித்தாள். “மாமாக்கு வயசு போட்டுது. போனமுறை கேட்டபடியாத்தானே தப்பினனான்?”

பதிவுச் சான்றிதழ் கேட்டு அவளே எழுதத் தொடங்கினாள். அதன் கீழே வங்கிக் கடிதம்... தடுக்க ஒரு வாக்கியம் போதும். அது என் நாவிலேயே இருந்தது.

“தேத்தண்ணி ஆறுது மாமா,” என்றாள், தலை நிமிராமல்.

குடித்தேன்.