நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே

நியூ டவுன் அடுக்குமாடியில் லிஃப்ட் பாதியில் நின்றபோது உள்ளே நானும், மூக்கு வரை மூடும் கம்பளி மங்கி கேப் போட்ட ஒருவரும்தான். அவசர எண்ணை அழைத்து, "வீ ஆர் அட் த லிஃப்ட்" என்றேன்.

அவர் கேப்பை வாய்க்குக் கீழே இழுத்தார். யாரையாவது திருத்தும்போது மட்டும்தான் அதை இறக்குவார் போல.

"‘லிஃப்ட்ல’ன்னு நெனச்சு ‘அட்’டுங்கறேள். தமிழா? ‘அட்’னா வாசல்ல நிக்கறோம்னு ஆயிடும். யாரும் வரமாட்டா. ‘இன்’னு சொல்லுங்கோ."

சொன்னேன். எந்த மாடி என்று ஸ்பீக்கரில் கேட்டாள் எதிர்முனையில் இருந்த பெண்.

"‘ஆன்’ போட்டுடாதீங்கோ! நாலுக்கும் அஞ்சுக்கும் ‘பிட்வீன்’!"

சற்று நேரத்தில் லிஃப்ட் தானாகவே ஐந்தாம் மாடிக்கு ஏறிக் கதவைத் திறந்தது. நான் பாய்ந்து வெளியேறினேன். அவர் நகரவில்லை.

"இருங்கோ. இப்ப நாம ‘பிட்வீன்’ இல்லையே. அந்தப் பொண்ணுகிட்ட திருத்திச் சொல்லணும்" என்று போனை எடுத்தார். கதவு மூடிக்கொண்டது. லிஃப்ட் கொஞ்சம் இறங்கி மறுபடி நின்றது.

நானே மீண்டும் அழைத்தேன். "ஹீ இஸ் இன் த லிஃப்ட். ஐ ஆம் அட் த லிஃப்ட்."

"கரெக்ட்!" என்றது உள்ளிருந்து ஒரு குரல். மாட்டிக்கொண்ட ஒரு மனிதரிடம் அத்தனை திருப்தியை நான் அதுவரை கேட்டதில்லை.